பாக்டீரியா தன் சுவரைத் தானே தின்கிறதா?

தொடக்கக் கேள்வி, பிப்ரவரி 4

முதுகலை நுண்ணுயிரியல், முதலாண்டு. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா ஒவ்வொரு தலைமுறையிலும் தன் செல்சுவரில் ஏறக்குறைய பாதியைப் பிய்த்துத் தின்றுவிடும் என்று இன்று வகுப்பில் மேடம் சொன்னார். நல்ல ஊட்டம் கிடைத்தால் அதற்கு 20 நிமிடத்துக்கு ஒரு தலைமுறை. 20 நிமிடத்தில் பாதிச் சுவர் போனால் செல் வெடித்துவிடாதா? பசி தாங்காமல் தின்கிறதா? கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பதில், பிப்ரவரி 4, இரவு

மிகை இல்லை. 1985இல் குடெல் என்பவர் சுவரின் துண்டுகளுக்குக் கதிரியக்க அடையாளம் போட்டு, அவை எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார். ஒரு தலைமுறையில் சுவரில் 40 முதல் 50 சதவீதம் வரை வெட்டுப்படுகிறது. ஆனால் வெளியே, கிருமியை வளர்க்கும் ஊடகத்தில், வந்து விழுவது பத்து சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் உள்ளே போய்விடுகிறது. அதுவரைக்கும் வெளியே விழுவதை மட்டும் அளந்துவிட்டு, ஈ. கோலை சுவரைத் தொடுவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். குப்பைத்தொட்டி காலியாக இருந்தால் வீட்டில் சமைக்கவில்லை என்றா அர்த்தம்?

வெடிக்காததற்குக் காரணம், இடிப்பதும் கட்டுவதும் ஒரே இடத்தில் ஒன்றாக நடப்பதுதான். அந்தச் சுவரைச் செங்கல் சுவராகக் கற்பனை செய்யாதீர்கள். செல்லைச் சுற்றி இறுக்கமாகப் போட்ட ஒரு பின்னல் பை அது. நீளமான சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றைக் குறுக்கே கட்டும் குட்டிப் பெப்டைடுகள் (சில அமினோ அமிலங்களைக் கோத்த துண்டுகள்). முழுப் பையும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே மூலக்கூறு. சுமார் 35 லட்சம் இரட்டைச் சர்க்கரை அலகுகள். உள்ளேயிருந்து சில வளிமண்டல அழுத்தம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பையைப் பெரிதாக்க வேண்டுமானால் எங்காவது நூலை வெட்டித்தான் ஆக வேண்டும். சட்டை சின்னதாகிவிட்டது என்று தையல்காரரிடம் கொடுத்தால் தையலைப் பிரித்து ஓரத்தை விடுகிறாரே, அப்படி. என்ன, இங்கே சட்டையைக் கழற்றாமலே பிரிக்க வேண்டும்.

அதே இரவு, கொஞ்ச நேரம் கழித்து

பசியைப் பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். பசிக்காக இல்லை. வயிறு நிறையச் சாப்பாடு இருந்து வேகமாக வளரும்போதே இது நடக்கிறது. "தின்கிறது" என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது.

பிப்ரவரி 5

வெட்டுப்பட்ட துண்டு போகும் பாதையைப் படிப்படியாக எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சங்கிலியில் இரண்டே சர்க்கரைகள் மாறி மாறி வரும். ஒன்று என்-அசிட்டைல்குளுக்கோசமைன், இறால் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருக்கும் கைட்டினின் அதே சர்க்கரை. இன்னொன்று என்-அசிட்டைல்மியூரமிக் அமிலம். முதல் சர்க்கரையின் மேல் ஒரு லாக்டிக் அமிலத்தை ஒட்டவைத்தது போல இருக்கும். மியூரமிக் என்ற பெயரே சுவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெப்டைடு தொங்குவது இந்த இரண்டாவதில்தான். சுருக்கமாக நாக், நாம் என்று எழுதுகிறேன்.

வெட்டுகிற நொதிகளில் முக்கியமான கூட்டம் லைட்டிக் டிரான்ஸ்கிளைகோசிலேஸ். நம் கண்ணீரிலும் முட்டை வெள்ளையிலும் இருக்கும் லைசோசைமும் இதே பிணைப்பைத்தான் வெட்டுகிறது. ஆனால் லைசோசைம் ஒரு நீர் மூலக்கூறைச் செலவழித்து வெட்டும். இவை நீரைச் செலவழிப்பதில்லை. அறுந்த முனையை வளைத்து அதே சர்க்கரைக்குள் ஒரு முடிச்சாகப் போட்டுவிடுகின்றன. அன்ஹைட்ரோ முனை என்பது அதுதான். இந்த முடிச்சை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வெட்டிய துண்டு, அதாவது இரட்டைச் சர்க்கரையும் அதில் தொங்கும் பெப்டைடும், இரண்டு சவ்வுகளுக்கு நடுவே மிதக்கும். வெளிச்சவ்வு அதை எளிதில் வெளியே விடாது. உள்சவ்வில் இருக்கும் அம்ப்-ஜி என்ற வாசல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே நேக்-இசட் ஒரு சர்க்கரையைக் கழற்றும், அம்ப்-டி பெப்டைடைக் கழற்றும். கழன்ற மூன்று அமினோ அமிலத் துண்டை எம்பிஎல் என்ற நொதி முழுசாகவே எடுத்துப் புதுச் சுவருக்கான மூலப்பொருளில் ஒட்டிவிடும். சர்க்கரைகள் இரண்டும் அப்படியே புதுச் சுவருக்குத் திரும்பிவிடும்.

பழைய வீட்டை இடிக்கும்போது நிலையையும் சன்னலையும் பத்திரமாகக் கழற்றி எடுத்துப் புது வீட்டில் வைப்பார்களே, அது போல.

பிப்ரவரி 6, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி தவறு. நிலை, சன்னல் உவமை பெப்டைடுக்குப் பொருந்தும், சர்க்கரைக்குப் பொருந்தாது. பேருந்தில் வரும்போது திடீரென்று உறைத்தது.

ஈ. கோலையால் மியூரமிக் சர்க்கரையை அப்படியே திருப்பிப் பயன்படுத்த முடியாது. முதலில் முடிச்சை அவிழ்த்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது (ஏஎன்எம்-கே என்ற நொதி). அப்புறம் மர்-கியூ என்ற நொதி வந்து அந்த லாக்டிக் அமிலத்தைப் பிய்த்து எறிகிறது. இது 2005இல் வெளிவந்தது, ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் மாயர் குழுவின் வேலை. ஒட்டவைத்தது பிய்ந்ததும் மிச்சம் என்ன? முதல் சர்க்கரையேதான், பாஸ்பேட்டோடு. இரண்டு சர்க்கரையும் இப்போது ஒரே பொருளாகிவிட்டன. அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது: புதுச் சுவருக்கும் போகலாம், இன்னும் கொஞ்சம் மாற்றினால் ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டாகி எரிபொருளாகவும் போகலாம்.

ஆக, சன்னலைச் சன்னலாக வைக்கவில்லை. உடைத்துப் பலகையாக்கி, பலகையிலிருந்து மறுபடி சன்னல் செய்கிறது, அல்லது அடுப்பில் வைக்கிறது. "தின்கிறது" என்ற சொல்லை முதல் நாள் திட்டினேன். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது போல.

பிப்ரவரி 6, மதியம்

"நாம் பெப்டைடோடு சேர்ந்து உள்ளே போகிறோம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் தப்புதான். இனி நாக், நாம் இரண்டையும் கைவிட்டேன். மியூரமிக் சர்க்கரை என்றே எழுதுகிறேன். நாம் வெளியிலேயே இருப்போம்.

பிப்ரவரி 7

நேற்றுக் காலையில் திருத்தியதற்கு ஒரு திருத்தம். "அப்படியே திரும்பும்" என்று நான் தவறாக எழுதியது ஈ. கோலைக்குத்தான் தவறு. சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குச் சரி! அதனிடம் மர்-கியூ கிடையாது. மியூரமிக் சர்க்கரையை உடைக்காமலே நேராகப் புதுச் சுவர்ப் பொருளாக்கும் குறுக்கு வழி வைத்திருக்கிறது. மாயர் குழு 2013இல் சூடோமோனாஸ் புட்டிடாவில் இதைக் கண்டுபிடித்தது.

இதில் ஒரு விவகாரம் இருக்கிறது. பாஸ்ஃபோமைசின் என்ற மருந்து, மியூரமிக் சர்க்கரையைப் புதிதாகச் செய்யும் முதல் படியை அடைத்துவிடும். முன்வாசலை அடைத்தாலும் கொல்லைப்புற வழியாகப் பழைய சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் அடைப்பின் வேகம் குறையத்தானே செய்யும்? அந்தக் குறுக்கு வழி நொதிகளை நீக்கினால் இந்த மருந்து முன்பைவிட நன்றாக வேலை செய்கிறது. சூடோமோனாஸ் பாஸ்ஃபோமைசினுக்கு அவ்வளவாக அசையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்டவர் இப்போது நல்ல கேள்வியோடு வந்திருக்கிறார்: அம்ப்-ஜி வாசலை நீக்கிவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. வேடிக்கை அதுதான். ஈ. கோலையில் அம்ப்-ஜியை நீக்கினால் துண்டுகளெல்லாம் வெளியே கொட்டிப் போகும். செல் ஆய்வகத்தில் முன்போலவே வளரும். அப்படியென்றால் இவ்வளவு நொதிகளை வைத்துக்கொண்டு எதற்காக இந்தப் பாடு? சிக்கனம் என்று பாடப்புத்தகம் சொல்லும். நானும் பல ஆண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிக்கனம் உண்மைதான், ஆனால் கதையில் பாதிதான் அது. மீதிப் பாதியை நான் ஒரு பிளேட்டில் பார்த்தேன், பார்த்தபோது புரியவில்லை.

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சென்சிட்டிவிட்டி பிளேட்டில் (எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் தட்டு) மருந்து டிஸ்க்குகளை வைத்துவிட்டுப் போய் மறுநாள் பார்த்தால் செஃப்டாசிடிம் டிஸ்க்கைச் சுற்றிய ஜோன், அதாவது கிருமி வளராத வெற்றிடம், வட்டமாக இல்லை. ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. பக்கத்தில் செஃபாக்சிட்டின் இருந்த பக்கம் மட்டும். டிஸ்க்கை நகர்த்திவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் பிளேட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி போட்டேன். மறுநாளும் அதே சப்பை. சீனியர் டெக்னீசியன் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீ சரியாத்தான்மா வெச்சிருக்க. கிருமிதான் முழிச்சிக்கிச்சு."

அந்தக் கிருமியின் பெயர் என்டரோபாக்டர் குளோயகே. செஃபாக்சிட்டின் பட்டதும் அது அம்ப்-சி என்ற நொதியைச் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. அந்த நொதி பக்கத்து டிஸ்க்கிலிருந்து வரும் செஃப்டாசிடிமையும் உடைக்கிறது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் கிருமி டிஸ்க்கை நெருங்கி வளர்ந்துவிடுகிறது. ஆனால் மருந்து வந்திருப்பது உள்ளே எப்படித் தெரிந்தது? மருந்து உள்சவ்வைத் தாண்டி நுழைவதே இல்லை. அதற்கு வெளியே சுவர் கட்டும் நொதிகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

செய்தி கொண்டுபோவது குப்பைதான். இப்போது அந்த முடிச்சை நினைத்துப் பாருங்கள். புதுச் சுவருக்காகச் செய்யும் சர்க்கரையில் அந்த முடிச்சு இருக்காது. சுவரில் வெட்டுப்பட்ட துண்டில்தான் இருக்கும். செல்லுக்குள் அம்ப்-ஆர் என்ற ஒரு புரதம் அம்ப்-சி ஜீன் மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டுவதற்குத் தயாராக இருக்கும் புதுப் பொருள் ஒட்டியிருந்தால் சும்மா இருக்கும். முடிச்சுப் போட்ட துண்டுகள் குவிந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஜீனைத் திறந்துவிடும். மருந்து கட்டுமானத்தைக் கெடுத்தால் வெட்டுகள் கூடும், துண்டுகள் குவியும். ஸ்டாஃபன் நார்மார்க் குழுவினர் 1990களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் என்ன சண்டை என்று குப்பைக்காரருக்குத்தான் முதலில் தெரியும் என்பார்கள். கிட்டத்தட்ட அதே கதை.

பிப்ரவரி 10

"அப்படியானால் செஃப்ட்ரயாக்சோன் கொடுத்தால் கிருமியை எழுப்பிவிடுகிறோம், அதனால்தான் சில நோயாளிகளுக்கு முதலில் கேட்ட மருந்து பிறகு கேட்காமல் போகிறது, சரியா?" என்று ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்.

விளைவு சரி, காரணம் வேறு. நானும் வெகுநாள் குழப்பிக்கொண்ட இடம் இது. செஃபாக்சிட்டின்தான் பலமாக எழுப்பும். செஃப்ட்ரயாக்சோன் அவ்வளவாக எழுப்புவதில்லை. அது செய்வது பொறுக்கி எடுக்கும் வேலை. கோடிக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டுக்கு அம்ப்-டி ஜீன் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அவை மட்டும் பெருகிவிடும்.

அம்ப்-டி யார்? பெப்டைடைக் கழற்றும் அந்த மறுசுழற்சித் தொழிலாளி. அவர் வராவிட்டால் முடிச்சுத் துண்டுகள் உள்ளே தேங்கும். அம்ப்-ஆர் அதைப் பார்த்து, வெளியே சுவர் சரிந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, மருந்தே இல்லாதபோதும் இரவும் பகலும் அம்ப்-சி செய்துகொண்டிருக்கும். துப்புரவுப் பணியாளர் விடுப்பில் போனதை ஊரே இடிந்ததாக எடுத்துக்கொள்வது போல. ஆனால் அந்தத் தவறான முடிவுதான் அந்தக் கிருமியைப் பிழைக்க வைக்கிறது.

1991இல் அமெரிக்காவில் ரத்தத்தில் என்டரோபாக்டர் தொற்று வந்த 129 பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் (செஃப்ட்ரயாக்சோன், செஃப்டாசிடிம் போன்ற மருந்துகள்) பெற்ற 31 பேரில் 6 பேரிடம் சிகிச்சையின்போதே எதிர்ப்பு முளைத்தது. ஆய்வகத்தில் "சென்சிட்டிவ்" என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை. அன்றைய நிலவரம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, இரவு

இன்னொரு திருத்தம், வரவர இது திருத்தங்களின் இழையாகிவிட்டது. நேற்று "மீதிப் பாதி" என்று பெரிதாகச் சொன்னேனே, ஈ. கோலைக்கு அது செல்லாது. அதனிடம் அம்ப்-ஆர் கிடையாது. துண்டுகளை உள்ளே எடுக்கிறது, ஆனால் இந்த வகையில் அவற்றைக் கேட்கும் காது அதற்கு இல்லை. என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர் ஃப்ரொயிண்டியை, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகியவற்றுக்கு இருக்கிறது. ஈ. கோலையைப் பொறுத்தவரை பாடப்புத்தகச் சிக்கனத்துக்கே திரும்பிப் போகிறேன். ஆய்வக ஊடகத்தில் எல்லாம் தாராளமாகக் கொட்டிக் கிடக்கும்போது சேமிப்பின் அருமை தெரியாது. தண்ணீர் லாரி வராத வாரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 12

அந்தத் தண்ணீர் லாரி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆதாரம் உண்டா, அல்லது வசனமா?" என்று கேட்டுவிட்டார்கள். உண்டு, ஆனால் வேறு கூட்டத்தில்.

கிராம் பாசிட்டிவ் என்ற பாக்டீரியா வகைகளுக்கு வெளிச்சவ்வு இல்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் வெட்டிய துண்டுகள் வெளியே போய்விடும். அதனால் இவை மறுசுழற்சியே செய்வதில்லை என்று ரொம்ப நாள் எழுதினார்கள். உண்மையில் வளரும்போது சிந்தவிட்டு, உணவு தீர்ந்து வளர்ச்சி நிற்கும் கட்டத்தில் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது. 2016இல் மாயர் குழு பேசில்லஸ் சப்டிலிஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் மூன்றிலும் மர்-கியூவை நீக்கிப் பார்த்தது. முதல் இரண்டிலும் வளரும்போது வித்தியாசம் தெரியவில்லை. பட்டினிக் காலம் நீண்டபோதுதான் அவற்றில் மர்-கியூ இல்லாதவை பின்தங்கிச் செத்தன.

ஆக முதல் நாள் "பசிக்காக இல்லை" என்று அடித்துச் சொன்னதும் பாதிதான் சரி. கேட்டவர் தற்பெருமை கொள்ளலாம், ஒரு நாளைக்கு.

பிப்ரவரி 13

பல் மருத்துவம் படிப்பவர் ஒருவர் டானரெல்லா ஃபார்சிதியாவை நினைவூட்டினார். நன்றி, அதை மறந்தே போனேன். ஈறு நோயில் காணப்படும் கிருமி. தன் சுவருக்கு வேண்டிய மியூரமிக் சர்க்கரையை அதனால் செய்யவே முடியாது. செய்யும் நொதிகளின் ஜீன்களே இல்லை. பல்லிடுக்கில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் சிந்துவதை எடுத்துக்கொண்டு வீடு கட்டுகிறது. ஆய்வகத்தில் தனியாக வளர்க்க வேண்டுமானால் அந்தச் சர்க்கரையை நாம் (ஆம், இந்த முறை நாமேதான்) ஊடகத்தில் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 13, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஜேம்ஸ் பார்க் என்பவரைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. பெனிசிலின் போட்ட ஸ்டஃபைலோகாக்கஸில் ஏதோ ஒரு விசித்திரப் பொருள் தேங்குவதைப் பார்த்து 1952இல் எழுதினார். அதில் இருந்த சர்க்கரை அப்போது யாருக்கும் அடையாளம் தெரியாதது. பின்னால் மியூரமிக் சர்க்கரை என்று தெரிந்தது. 1957இல் ஸ்ட்ரோமிங்கர் என்ற இன்னொரு ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, அது கட்டி முடிக்கப்படாத சுவரின் மூலப்பொருள், பெனிசிலின் சுவர் கட்டுவதைத்தான் கெடுக்கிறது என்று காட்டினார். அப்புறம் மறுசுழற்சியில் இறங்கியவர் 2008இலும் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். 56 ஆண்டு, ஒரே சுவர். சுவரில் முட்டிக்கொள்வது என்பதை நாம் கேலியாகத்தான் சொல்கிறோம்.

பிப்ரவரி 16

"வெளியே சிந்திய துண்டுகளால் நமக்கு என்ன?" என்று கேட்டவருக்கு: கக்குவான் இருமல்.

அதை உண்டாக்கும் போர்டெட்டெல்லா பெர்ட்டுசிஸும் இதே முடிச்சுத் துண்டைத்தான் வெட்டுகிறது. ஈ. கோலை வெட்டுவதும் இதே மூலக்கூறுதான், அணு மாறாமல். ஆனால் போர்டெட்டெல்லா அதைச் சரியாக உள்ளே எடுத்துக்கொள்ளாமல் வெளியே கொட்டுகிறது. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்ரோமச் செல்கள் அதனால் சாகின்றன. சளியைத் தள்ள ஆள் இல்லாமல் போகும்போது இருமித்தான் தள்ள வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வைத்த பெயர் மூச்சுக்குழாய் நச்சு. ஈ. கோலைக்குப் பழைய சாமான், குழந்தைக்கு நஞ்சு.

இதே நச்சு ஹவாய் கடலில் ஒரு குட்டிக் கணவாய்க்கு நல்லது செய்கிறது என்றால் நம்புவீர்களா? விப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் பாக்டீரியா கணவாய்க் குஞ்சின் உடலில் குடியேறும்போது இதே துண்டைச் சிந்துகிறது. அதை உணர்ந்துதான் குஞ்சின் ஒளி உறுப்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. 2004இல் வந்த ஆய்வு.

பிப்ரவரி 17

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, முதல் கேள்வி கேட்டவர் தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்: "அப்படியானால் போர்டெட்டெல்லாவுக்கு ஈ. கோலையின் அம்ப்-ஜியைக் கொடுத்துவிட்டால்?"

கொடுத்தாயிற்று! பிரான்சில் லீல் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் காமில் லோக்ட் குழு செய்தது. கிருமியின் முக்கிய நச்சைச் செயலிழக்கச் செய்து, இன்னொரு நச்சின் ஜீனை நீக்கி, அதன் சொந்த அம்ப்-ஜி இருந்த இடத்தில் ஈ. கோலையின் அம்ப்-ஜியை வைத்தார்கள். வெளியே சிந்துவது ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பிபிஇசட்-இ1 என்று பெயர். மூக்கில் விடும் உயிருள்ள தடுப்பு மருந்தாக மனிதர்களிடம் சோதித்து வருகிறார்கள்.

இதைத் தெரியாமலே கேட்டிருக்கிறீர்கள் என்றால், உங்கள் மேடமிடம் போய் வகுப்பில் கையைத் தூக்குங்கள். அப்புறம் எங்காவது ஒரு என்டரோபாக்டர் கிடைத்தால் செஃபாக்சிட்டினையும் செஃப்டாசிடிமையும் சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். சப்பையாக வந்தால் பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.